வடசென்னை மாடிகளில் அமெச்சூர் வானொலி: ஆண்டெனா மின்னெதிர்ப்புச் சிக்கலின் வரலாறு

வணிக நோக்கம் இல்லாமல், அரசிடம் உரிமம் பெற்ற தனிநபர்கள் தம் வீட்டிலிருந்தே வானலைகள் வழியாகப் பிறருடன் தொடர்பு கொள்வது அமெச்சூர் வானொலி ஆகும். இதில் ஈடுபடுவோர் ஹாம்கள் எனப்படுவர். இந்தியாவில் 12 வயது நிறைந்த எவரும் தேர்வு எழுதி இதற்கான உரிமம் பெறலாம். ஹாம் நிலையத்தில் இன்றியமையாத உறுப்புகள் மூன்று: அலைபரப்பி, கேபிள், ஆண்டெனா. இம்மூன்றின் மின்னெதிர்ப்பும் ஒன்றோடொன்று இசைந்தால்தான் அலைபரப்பியின் ஆற்றல் வானில் ஏறும். இசைவு கெட்டால் ஆற்றலில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். இச்சிக்கல் எவ்வாறு அறியப்பட்டது, சென்னையில் அமெச்சூர் வானொலி எவ்வாறு வளர்ந்தது, ராயபுரத்தை ஒட்டிய கல்மண்டபம் போன்ற கடலோர நெரிசல் பகுதியில் இச்சிக்கல் எவ்வாறு தோன்றுகிறது, அதை எவ்வாறு கண்டறிவது ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

மின்னெதிர்ப்பு என்றால் என்ன

நேர்மின்னோட்டத்தைத் தடுப்பது மின்தடை. மாறுமின்னோட்டத்துக்கு மின்தடையோடு, கம்பிச்சுருளும் மின்தேக்கியும் உண்டாக்கும் மின்மறுப்பும் சேர்ந்துகொள்கிறது. இரண்டும் சேர்ந்த மொத்தமே மின்னெதிர்ப்பு. ஆங்கில வழக்கில் இம்பீடன்ஸ். இதன் அலகும் ஓம் தான்.

காசிமேட்டில் படகு கட்டும் கயிற்றைக் கொண்டு இதைப் புரிந்துகொள்ளலாம். கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்து ஒரு முறை உதறினால், எழும் அலை தூண்வரை ஓடித் திரும்பிவரும். மெல்லிய கயிற்றோடு தடித்த வடத்தை முடிச்சிட்டு உதறினால், முடிச்சில் அலையின் ஒரு பகுதி முன்னே செல்லும், ஒரு பகுதி திரும்பும். இரண்டும் ஒரே தடிமனாக இருந்தால் மட்டுமே அலை முழுவதும் கடந்துபோகும். கேபிளும் ஆண்டெனாவும் சேரும் இடம் அந்த முடிச்சைப் போன்றது.

செல்லும் அலையும் திரும்பும் அலையும் கலந்து கேபிளில் நிலை அலைகளை உண்டாக்குகின்றன. அவற்றின் பெரும மின்னழுத்தத்துக்கும் சிறும மின்னழுத்தத்துக்கும் உள்ள விகிதமே நிலை அலை விகிதம். ஹாம்கள் இதை எஸ்.டபிள்யூ.ஆர் என்றே சொல்வர். விகிதம் 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 1.5 என்றால் 4 விழுக்காடும், 2 என்றால் சுமார் 11 விழுக்காடும், 3 என்றால் 25 விழுக்காடும் திரும்புகின்றன.

கடலடிக் கம்பியில் பிறந்த கருத்து

இச்சிக்கல் முதலில் தெரியவந்தது வானொலியில் அன்று, தந்தியில். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கடலடியில் தந்திக் கம்பிகள் போடப்பட்டபோது, ஒரு முனையில் தெளிவாகத் தட்டிய குறிகள் மறுமுனையில் நீண்டு குழம்பி வந்தன. 1858இல் அட்லாண்டிக் கடலடியில் போடப்பட்ட முதல் கம்பி சில வாரங்களிலேயே செயலிழந்தது. நீளமான கம்பியில் மின்சாரம் எவ்வாறு பரவுகிறது என்பதை வில்லியம் தாம்சன் கணக்கிட்டுக் காட்டினார். இவரே பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர். சென்னையும் இந்த வலையில் சேர்ந்தது. 1870–71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது.

தந்திப் பணியாளராக இருந்த ஆங்கிலேயர் ஆலிவர் ஹெவிசைடு 1874இல் வேலையை விட்டு வீட்டிலிருந்தபடியே இந்தக் கணக்கை மேலும் விரித்தார். கம்பியின் மின்தடை மட்டுமன்றி, அதன் மின்தூண்டலும் மின்தேக்கமும் கசிவும் சேர்ந்தே குறியின் போக்கை முடிவு செய்கின்றன என்று நிறுவினார். இம்பீடன்ஸ் என்னும் சொல்லை 1886இல் உருவாக்கியவரும் அவரே. பல்கலைக்கழகப் படிப்பு இல்லாத ஒருவரின் இந்தச் சமன்பாடுகள்தாம் இன்றும் ஒவ்வொரு ஹாமின் கேபிளுக்கும் பொருந்துகின்றன.

சென்னையில் வானொலியின் தொடக்கம்

கம்பியில்லாத் தந்தியின் வலிமையைச் சென்னை மக்கள் முதல் உலகப் போரில் மறைமுகமாக உணர்ந்தனர். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசி எரித்தது. அஞ்சி ஊரைவிட்டுப் போனவர் பலர். எம்டன் என்ற பெயரே தமிழில் கெட்டிக்காரத் தந்திரசாலியைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. அந்தக் கப்பல் அழிந்ததற்கும் கம்பியில்லாத் தந்தியே காரணம். நவம்பர் 9 அன்று கோக்கோஸ் தீவுகளில் இருந்த நிலையத்தைத் தாக்க அது வந்தபோது, நிலையத்தார் அனுப்பிய எச்சரிக்கையைக் கேட்டு ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி விரைந்து வந்து அதை வீழ்த்தியது.

இந்தியாவில் அமெச்சூர் வானொலி 1921இல் கல்கத்தாவில் தொடங்கியது. அமரேந்திர சந்திர குப்து, முகுல் போஸ் ஆகியோர் முன்னோடிகள். சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி 1924 மே 16 அன்று நண்பர்களுடன் சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கினார். இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த உறுப்புகளைக் கொண்டு 40 வாட் அலைபரப்பி ஒன்றை அமைத்தார். அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பு தொடங்கியது. பின்னர் 200 வாட் கருவியும் பயன்பட்டது. பணத் தட்டுப்பாட்டால் 1927 அக்டோபரில் கழகம் ஒலிபரப்பை நிறுத்திக் கருவியைச் சென்னை மாநகராட்சிக்கு அளித்தது.

மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை நடத்தியது. வானொலிப் பெட்டி வாங்க வசதியற்ற மக்களுக்காகப் பொது இடங்களில் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. மெரினா கடற்கரையோடு, கல்மண்டபத்திலிருந்து எட்டிவிடும் தூரத்தில் இருக்கும் ராயபுரம் ராபின்சன் பூங்காவும் அவற்றுள் ஒன்று. 1949இல் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த பூங்காவும் இதுவே. மாநகராட்சிப் பள்ளிகளின் மாணவர்களுக்கென நிகழ்ச்சிகளும் ஒலிபரப்பாயின. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டதும் மாநகராட்சியின் பணி நிறைவடைந்தது. ஆர்வலர்கள் சிலரின் பொழுதுபோக்காகத் தொடங்கியது ஒரு மாகாணத்தின் பொது ஊடகமாக வளர்ந்தது என்பது இவ்வரலாற்றின் சிறப்பு.

அக்காலத்தில் இன்றுள்ள கேபிள் பழக்கத்தில் இல்லை. இணையாகச் செல்லும் இரண்டு கம்பிகள், அல்லது ஒற்றைக் கம்பி, ஆண்டெனாவுக்கு ஆற்றலைக் கொண்டு சென்றன. ஆண்டெனாவில் பாயும் மின்னோட்டத்தை வெப்பக்கம்பி அம்மீட்டரில் பார்த்தோ, சிறு விளக்கு எவ்வளவு ஒளிர்கிறது என்று பார்த்தோ இசைவை முடிவு செய்தனர். மையக் கம்பியும் அதைச் சுற்றிய உறையும் கொண்ட கோஆக்சியல் கேபிள் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1929 முதல் உருவாக்கப்பட்டது. அதே ஆய்வகத்தைச் சேர்ந்தவரும் தாமே ஒரு ஹாமுமான ஃபிலிப் ஸ்மித், மின்னெதிர்ப்புக் கணக்குகளை ஒரு வட்டப் படத்தில் போட்டுவிடும் முறையை 1939இல் வெளியிட்டார். ஸ்மித் வரைபடம் எனப்படும் அது இன்றும் பொறியியல் மாணவர்களின் பாடம்.

தடையும் மீட்சியும்

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் இந்தியாவில் அமெச்சூர் உரிமங்கள் விலக்கிக்கொள்ளப்பட்டன. எனினும் அந்தத் திறமை விடுதலைப் போராட்டத்துக்குப் பயன்பட்டது. உஷா மேத்தாவும் தோழர்களும் 1942 ஆகஸ்டில் பம்பாயில் தொடங்கிய தலைமறைவு காங்கிரஸ் வானொலி, தன் அலைநீளம் 42.34 மீட்டர் என அறிவித்து ஒலிபரப்பியது. இதை அதிர்வெண்ணாக மாற்றினால் சுமார் 7.08 மெகா ஹெர்ட்ஸ் வரும். இன்று ஹாம்கள் 40 மீட்டர் அலைவரிசை என்று அழைக்கும் பகுதி அது. பிடிபடாமல் இருக்க அந்நிலையம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. நவம்பர் 12 அன்று காவல்துறை அதைக் கைப்பற்றியது.

விடுதலைக்குப் பின் 1948இல் மௌ நகரிலிருந்த சிக்னல் படைப் பள்ளியில் இந்திய அமெச்சூர் வானொலிக் கழகம் தோன்றியது. இறக்குமதி அரிதான காலமாகையால், போர்க்கால உபரிக் கருவிகளைப் பிரித்துத் தாமே அலைபரப்பி செய்துகொள்வது இந்திய ஹாம்களின் வழக்கமாயிற்று. அந்த வால்வு அலைபரப்பிகளில், ஆண்டெனாவின் மின்னெதிர்ப்பு சற்று மாறினாலும் இரண்டு குமிழ்களைத் திருகி ஈடுகட்டிவிடலாம். எனவே இசைவின்மை பெரிய தொல்லையாகத் தெரியவில்லை.

டிரான்சிஸ்டர் அலைபரப்பிகள் வந்தபின் நிலைமை மாறியது. அவற்றின் வெளியீடு 50 ஓமுக்கென்றே நிலையாக அமைக்கப்பட்டது. திரும்பிவரும் ஆற்றலால் டிரான்சிஸ்டர் பழுதாகாமல் இருக்க, நிலை அலை விகிதம் 2ஐத் தாண்டும்போது பல கருவிகள் தாமே ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும். 1984இல் வானொலிக் கருவிகளுக்கு இறக்குமதித் தீர்வை விலக்கப்பட்டது. இத்தகைய கருவிகள் இந்திய வீடுகளுக்கும் வந்தன. மின்னெதிர்ப்புச் சிக்கலும் உடன் வந்தது.

கல்மண்டபத்து மாடியில் எழும் சிக்கல்கள்

பழைய சென்னையின் நெருக்கமான குடியிருப்புகளில் கல்மண்டபமும் ஒன்று. 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையம், துறைமுகம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம் ஆகியவை இதன் சுற்றுப்புறம். இத்தகைய பகுதியில் ஆண்டெனா கட்டுவோருக்கு நான்கு இடையூறுகள் உள்ளன.

முதலாவது இடம். 7.1 மெகா ஹெர்ட்ஸில் இயங்கும் அரை அலைக் கம்பியின் நீளத்தை அறிய 143ஐ அதிர்வெண்ணால் வகுக்க வேண்டும். விடை சுமார் 20 மீட்டர். அதாவது நடுவிலிருந்து பக்கத்துக்குப் பத்து மீட்டர். குறுகிய மனையில் கட்டிய வீட்டின் மாடியில் இது நேராக அடங்காது. முனைகளை மடக்கினாலோ, சுருள் சேர்த்துக் கம்பியைக் குட்டையாக்கினாலோ மின்னெதிர்ப்பு மாறும். இசைவு கிடைக்கும் அலைவரிசையும் குறுகும்.

இரண்டாவது உயரம். வெட்டவெளியில் அரை அலைக் கம்பியின் நடுப்புள்ளியில் மின்னெதிர்ப்பு சுமார் 73 ஓம். தரைக்கு அருகில் தாழ்த்தினால் இந்த மதிப்பு மாறும். மூன்று மாடி உயரத்தில் கட்டினோம் என்று நினைத்தாலும், கான்கிரீட் தளத்துக்குள் இருக்கும் கம்பிகள் ஆண்டெனாவுக்கு ஏறக்குறைய தரை போலவே நடந்துகொள்கின்றன. தளத்துக்கு மேல் நாலைந்து மீட்டர் என்பதே உண்மையான உயரம். நடுவை உயர்த்தி இரு முனைகளையும் சரித்துக் கட்டும் தலைகீழ் வி அமைப்பு 50 ஓமுக்கு அருகில் வருவதால் மாடிகளுக்கு ஏற்றது.

மூன்றாவது அண்டை. மாடிக்கு மாடி தொங்கும் கேபிள் டிவி கம்பிகள், இரும்புப் படிக்கட்டு, துணி காயப்போடும் கம்பி, தகரக் கூரை ஆகிய அனைத்தும் ஆண்டெனாவின் மின்புலத்தில் பங்குபெறும். பக்கத்து வீட்டில் புதிதாகத் தகரம் வேய்ந்தால்கூட அளவு மாறக்கூடும்.

நான்காவதும் வலியதும் கடற்காற்று. உப்புப் படிவு காப்பான்களின் மேற்பரப்பில் ஈரத்தை ஈர்த்துக் கசிவுக்கு வழி வகுக்கிறது. விடியற்காலைப் பனியில் விகிதம் உயர்ந்து, வெயில் ஏறியதும் இறங்கினால் இதையே ஐயுற வேண்டும். நல்ல மழை உப்பைக் கழுவிவிட்டபின் சில நாள் சீராக இருக்கும். செம்பும் அலுமினியமும் நேரடியாகத் தொடும் இணைப்பு, உப்பு ஈரத்தில் விரைவாக அரிக்கும். கேபிளின் வெட்டுமுனை சரியாக மூடப்படாவிட்டால், உறையின் பின்னல் திரியைப் போல நீரை உள்ளிழுத்துக்கொள்ளும்.

பழுது கண்டறியும் முறை

ஆண்டெனாவைக் கழற்றி வெட்டத் தொடங்கும் முன், அலைபரப்பியிலிருந்து வெளிநோக்கி ஒவ்வொரு படியாகச் சோதிப்பதே முறை.

முதலில் அலைபரப்பியோடு 50 ஓம் போலிச் சுமையை இணைத்து அளக்க வேண்டும். ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடும் மின்தடையே போலிச் சுமை. அதிலும் விகிதம் உயர்ந்திருந்தால் கோளாறு கருவியிலோ, அளவியிலோ, இணைப்புத் துண்டிலோ உள்ளது. மாடிக்கு ஏறத் தேவையே இல்லை.

அடுத்து மாடிக்குச் செல்லும் கேபிளின் மறுமுனையில் அதே போலிச் சுமையை இணைக்க வேண்டும். இப்போது விகிதம் ஒன்றுக்கு அருகில் இருந்தால் கேபிள் நலம். 1.5 எனக் காட்டினால், அது தொலைக்காட்சிக்கான 75 ஓம் கேபிளாக இருக்கலாம். இதனால் பெரும் இழப்பு இல்லை. ஆனால் மலிவான தொலைக்காட்சிக் கேபிளின் அலுமினியப் பின்னலில் ஈயப் பற்று பிடிக்காது. பற்ற வைத்ததாகத் தோன்றும் இணைப்பு சில மாதங்களில் விட்டுப்போகும்.

மூன்றாவதாக ஆண்டெனாவை இணைத்து, அலைவரிசையின் தொடக்கம், நடு, முடிவு ஆகிய இடங்களில் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். மிகக் குறைந்த விகிதம் விரும்பிய அதிர்வெண்ணுக்குக் கீழே கிடைத்தால் கம்பி நீளமாக உள்ளது. இருபுறமும் சமமாகக் குறைக்க வேண்டும். மேலே கிடைத்தால் கம்பி குட்டை. வெட்டுவதற்கு முன் மடித்துக் கட்டிப் பார்ப்பது நல்லது. வெட்டிய கம்பி மீண்டும் வளராது.

எங்கு அளந்தாலும் விகிதம் மிக உயர்ந்தே இருந்தால் நீளம் காரணமன்று. எங்கோ கம்பி அறுந்திருக்கிறது அல்லது இரு முனைகள் ஒட்டியிருக்கின்றன. மல்டிமீட்டரால் இதைக் கண்டுபிடிக்கலாம். நடுவில் டிரான்ஸ்பார்மர் வகை பேலன் இருந்தால் மீட்டர் எப்போதும் தொடர்பு இருப்பதாகவே காட்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கருவியின் உறையைத் தொட்டால் அளவு மாறுவது, கேபிளை நகர்த்தினால் மாறுவது, பேசும்போது பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் இரைச்சல் எழுவது ஆகியவை வேறு வகை நோயின் அறிகுறிகள். கேபிளின் உறைக்கு வெளிப்புறத்தில் மின்னோட்டம் பாய்ந்து, கேபிளே ஆண்டெனாவாகிவிட்டது என்பது பொருள். ஆண்டெனா நடுப்புள்ளியில் ஒன்றுக்கு ஒன்று பேலன் வைப்பதும், கேபிளை ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுகள் சுற்றுவதும் இதற்கு மருந்து.

2019 வாக்கில் கையடக்கமான நானோ வி.என்.ஏ கருவி மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. அது மின்தடையையும் மின்மறுப்பையும் தனித்தனியே, ஸ்மித் வரைபடத்திலேயே காட்டும். ஆனால் திறந்த முனை, குறுக்கிணைப்பு, 50 ஓம் ஆகிய மூன்றையும் இணைத்து அளவொப்பு செய்யாமல் எடுக்கும் அளவை நம்ப முடியாது.

எந்நிலையிலும் ஆண்டெனாவை மின்வாரியக் கம்பிகளுக்கு மேலேயோ அருகிலோ கட்டக்கூடாது. அறுந்து விழுந்தால் உயிருக்கே ஆபத்து. இடி மின்னல் காலத்தில் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றிவிட வேண்டும்.

நல்ல எண் சொல்லும் பொய்

குறைந்த விகிதம் என்பது எப்போதும் நல்ல ஆண்டெனாவின் சான்று ஆகாது. போலிச் சுமை மிகச் சிறந்த விகிதத்தைக் காட்டும்; ஆனால் அதிலிருந்து ஒரு சொல்கூட வானில் ஏறாது. உப்புநீர் புகுந்த கேபிளும் மெல்ல மெல்ல ஒரு போலிச் சுமையாக மாறுகிறது.

ஒரு கேபிள் தன்னுள் செல்லும் ஆற்றலில் பாதியை விழுங்குவதாகக் கொள்வோம். ஆண்டெனாவில் விகிதம் 3 எனில், அங்கு சேரும் பாதியில் கால் பங்கு திரும்பும். திரும்பும் வழியில் அதிலும் பாதி கேபிளில் கரையும். கீழே உள்ள அளவி சுமார் 1.7 என்றே காட்டும். பார்ப்பவர் நிறைவடைவார். அதே கேபிளில் ஆண்டெனாவே அறுந்து விழுந்திருந்தாலும் அளவி 3 என்று காட்டுமே தவிர, முடிவிலி என்று காட்டாது. ஆண்டெனாவில் எந்த மாற்றமும் செய்யாமலே ஆண்டுக்கு ஆண்டு விகிதம் குறைந்துகொண்டே வந்தால், அது மகிழ வேண்டிய செய்தியன்று, கேபிளை மாற்ற வேண்டிய செய்தி. ஆண்டெனாவைக் கட்டிய நாளிலேயே அளவுகளைக் குறித்து வைத்தவருக்கே இது புலப்படும்.

பேரிடரும் ஆண்டெனாவும்

இந்தச் சிறு கணக்குகளின் பயன் பேரிடரில் தெரியும். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு சிறப்பு அனுமதி பெற்று அந்தமானின் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்து உலகெங்கும் பேசிக்கொண்டிருந்தது. டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கித் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தபோது, அக்குழு பொழுதுபோக்கை நிறுத்திவிட்டு, தீவிலிருந்தோரின் செய்திகளை நிலப்பரப்பில் இருந்த உறவினர்களுக்குச் சேர்க்கும் பணியில் இறங்கியது. அதே நாளில் வடசென்னை மீனவர் குப்பங்களும் கடலின் சீற்றத்துக்கு ஆளாயின. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் கைபேசிச் சேவை பல இடங்களில் முடங்கியது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது.

அத்தகைய நாளில் ஒரு கார் பேட்டரியும் சிறு அலைபரப்பியும் மாடியில் ஒரு கம்பியும் போதும், ஊரின் நிலையை வெளியே சொல்லிவிடலாம். பேட்டரியில் இருக்கும் ஆற்றல் அளவானது. அதில் பாதி உப்பேறிய கேபிளில் கரைந்தால், செய்தி சென்று சேராமலே பேட்டரி தீர்ந்துபோகும். வங்கக் கடலில் புயல் உருவாகும் வடகிழக்குப் பருவத்துக்கு முன்பே, புரட்டாசி வெயிலில் மாடிக்கு ஏறிக் காப்பான்களைத் துடைத்து, இணைப்புகளைப் பிரித்து மூடி, அளவுகளைப் பழைய குறிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பது கடலோர ஹாம்கள் கொள்ளத்தக்க வழக்கம் ஆகும்.